கை தூக்கினால் அசையக் கூடாது

"அவரு உங்களக் கூப்புடவே இல்லீங்களாண்ணா?"

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனை வராந்தாவில் மரகதம் என்னிடம் கேட்ட கேள்வி இது. மரகதம் என் நண்பர் திருமூர்த்தியின் மனைவி. நான் பணிக்காலம் முழுவதும் பள்ளியில் அறிவியல் நடத்தியவன். பிள்ளைகள் எதைக் கேட்டாலும் தெரிந்தால் பதில் சொல்வேன், தெரியாவிட்டால் தெரியாது என்பேன். மரகதத்தின் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். அதைச் சொல்ல எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று. அந்த நாட்களில் எழுதி வைத்ததைக் கீழே தருகிறேன். கேமராவோடு மலைக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் அதிகம் திருத்தவில்லை.

டிசம்பர் 6

நாளைக் காலை கிளம்புகிறோம். பேட்டரிகள் எல்லாம் சார்ஜ் ஏறிவிட்டன. அட்டைப்பூச்சி ஏறாமலிருக்க மூக்குப்பொடி வாங்கியாயிற்று. நிலக்கடலை வறுத்து டப்பாவில் போட்டிருக்கிறேன். காலுறைகள் இன்னும் ஈரம். மின்விசிறிக்கு அடியில் போட்டிருக்கிறேன்.

வழக்கம்போல மூன்று பேர். நான், என் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்த திருமூர்த்தி, பொள்ளாச்சிக் கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருந்த கோவர்த்தனன். மற்றவர்கள் பறவைகளின் பின்னால் போகிறார்கள். எங்களுக்குப் பாலூட்டிகள்தான். கருமந்தி, மலையணில், கடமான், காட்டெருமை எல்லாம் எடுத்திருக்கிறோம். ஒரு தடவை செந்நாய்க் கூட்டம்கூடக் கிடைத்தது.

திருமூர்த்திக்கு வரையாடு வேண்டும். வால்பாறை ரோட்டில் கொண்டை ஊசி வளைவிலேயே வரையாடு நிற்கும், பஸ்ஸில் போகிற யாரும் போனில் எடுக்கலாம். அது அவருக்குக் கணக்கில் வராது. முதுகு வெளுத்த முதிர்ந்த கிடா, பாறை விளிம்பு, பின்னால் மேகம். அவர் மனசில் ஏற்கெனவே வரைந்து வைத்துவிட்ட படம் அது. கிடா வந்து நிற்பதுதான் பாக்கி.

டிசம்பர் 7

திருமூர்த்தி வீட்டு வாசலில் காரில் காத்திருந்தோம். உள்ளே சண்டை. மூன்று நாள் தனியாக விட்டுவிட்டுப் போகிறார் என்று மரகதத்துக்குக் கோபம். கடைசியாக அவர் சொன்னது தெரு வரைக்கும் கேட்டது: "போறதுன்னா அங்கயே இருந்துக்கங்க. திரும்பி வராதீங்க."

திருமூர்த்தி பையோடு வந்து ஏறினார். கதவைச் சாத்தியதும் சிரித்தார். "அந்தக் கெடாயப் பெருசாப் போட்டுக் கூடத்துல மாட்டறேன் பாரு நஞ்சப்பா. வர்றவங்களுக்கெல்லாம் அவளே காட்டுவா" என்றார்.

ஆழியாறில் டீ குடித்தோம். அவர் கையிலிருந்து கிளாஸ் நழுவி உடைந்தது. வலது விரல்களில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். நான் விளக்கினேன். தண்ணீர்க் குழாயைக் காலால் மிதித்தால் தண்ணீர் நிற்கிறது, காலை எடுத்தால் ஓடுகிறது. அதுபோலக் காரில் கையை மடக்கி உட்கார்ந்ததில் நரம்பு அழுந்தியிருக்கும், உதறினால் சரியாகும். உதறினார். சரியாயிற்று.

டிசம்பர் 8

வரையாடு இல்லை. காலையில் சோலை ஓரம் கருமந்திகள். மதியம் தேயிலைச் சரிவில் ஒற்றைக் காட்டெருமை, முதுகில் சேறு. நாங்கள் தங்கியிருக்கும் எஸ்டேட்டின் சமையல்காரர் தக்காளிச் சாதம் கட்டிக் கொடுத்திருந்தார். உப்பு அதிகம்.

எங்கள் விதியைப் பற்றி இங்கே எழுதியதே இல்லை. யாருக்காவது மிருகம் தெரிந்தால் அவர் கையைத் தூக்குவார். மற்ற இரண்டு பேரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பேசக் கூடாது, இருமக் கூடாது, காலை மாற்றி வைக்கக் கூடாது. கை தூக்கியவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் மெல்லத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். வகுப்பில் அமைதி வேண்டுமானால் நான் கையைத் தூக்குவேன், பிள்ளைகள் அடங்குவார்கள். அங்கிருந்து வந்த பழக்கம்.

விதியை ஒரே ஒரு தடவை உடைத்தவர் திருமூர்த்தி. போன வருஷம் கால்சட்டைக்குள் பூரான் ஏறிவிட்டது என்று கத்தினார், கடமான் ஓடிவிட்டது. அன்றிலிருந்து கோவர்த்தனன் அவரைப் பூரான் என்றுதான் கூப்பிடுகிறார். இன்றும் பாறையில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "என்ன பூரான், மறுபடியுமா?" என்றார். மூவரும் சிரித்தோம்.

திருமூர்த்தி ரத்த அழுத்த மாத்திரையைப் போடவில்லை. "அதப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு எந்திரிக்கோணும். கெடா வர்ற நேரம் பார்த்து நான் புதர்ல நிப்பேன்" என்றார். நானும் மலையில் இருக்கும் நாட்களில் என் மாத்திரையைப் போடுவதில்லை. கேமரா பிடிக்கிற எங்கள் வயதுக்காரர்கள் பலர் இப்படித்தான்.

டிசம்பர் 9

திருமூர்த்திக்கு மலையில் பக்கவாதம் வந்துவிட்டது. எஸ்டேட் ஜீப்பில் இறக்கி, பொள்ளாச்சியில் ஆம்புலன்ஸ் மாற்றி, கோவையில் சேர்த்திருக்கிறோம். வரையாடு தெரிந்தது. நல்ல வெளிச்சம்.

டிசம்பர் 10

டாக்டர் இளம்பெண், பொறுமையாகப் பேசினார். மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிருக்கின்றன. வாய்க்காலில் சருகு அடைத்தால் கடைமடை காய்வது போல என்று நான் சொன்னேன். "அதேதான் சார். சருகக் கரைக்க ஊசி இருக்கு. ஆனா அதுக்கு ஒரு நேரக் கெடு. நீங்க கொஞ்சம் முன்னால வந்திருந்தா போட்டிருப்போம்" என்றார்.

எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டார். கோவர்த்தனன் ஒரு நேரம் சொன்னார். நான் திருத்தவில்லை.

மரகதம் வராந்தாவில் சுவரோரம் நின்றிருந்தார். ஒரு காலில் வீட்டுச் செருப்பு, மற்றதில் வெளியே போட்டுப் போகும் செருப்பு. என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கோவர்த்தனன், "கூப்புட நேரமே இல்லம்மா. பொசுக்குனு சாஞ்சுட்டாரு" என்றார். மரகதம் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

டிசம்பர் 14

கேமராவைத் துடைத்து வைத்தேன். லென்ஸில் மழைத்துளிக் கறை இருந்தது.

டிசம்பர் 21

திருமூர்த்தியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கூடத்தில் கட்டில். வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. கண் மட்டும் பழைய கண். நான் போனதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் செய்தித்தாள் வாசித்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 28

கோவர்த்தனன் ஒரு காரியம் செய்துவிட்டார். நான் எடுத்த வரையாட்டுப் படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் கட்டி, சாய்வதற்கு முன்னால் திருமூர்த்தியே எடுத்தது என்று சொல்லி மரகதத்திடம் கொடுத்திருக்கிறார். நான் போகும்போது கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தது.

கோவர்த்தனனுக்குப் போன் செய்து, என்னிடம் கேட்காமல் ஏன் செய்தாய் என்றேன். "வாத்தியாரே, அந்தப் பொம்பளைக்கு வேற என்ன இருக்கு? ஆசப்பட்டத எடுத்துட்டாருன்னு ஒரு நிம்மதி. உங்க பேரு வேணுமா அதுல?" என்றார். வேண்டாம் என்றேன்.

படம் நன்றாக வந்திருக்கிறது. கிடா விளிம்பில் நிற்கிறது, முதுகின் வெள்ளை தனியாகத் தெரிகிறது. பின்னால் மேகம் பள்ளத்திலிருந்து ஏறுகிறது. ஒரு கால் மட்டும் லேசாக மடங்கியிருக்கிறது. காற்றிலே ஏதோ சத்தம் கேட்டு நின்ற மாதிரி.

ஜனவரி 3

தினமும் காலையில் போகிறேன். ஒன்றாம் வகுப்புப் பட அட்டைகள் வாங்கியிருக்கிறேன். ஆடு, வீடு, குடை. நான் சொல்வேன், அவர் உதட்டைக் கூட்டுவார், வருவது ஒரே ஒரு வார்த்தை: "ஆமா." இது ஆடா? ஆமா. இது குடையா? ஆமா. ஆட்டைக் காட்டிக் குடையா என்றாலும் ஆமா.

அந்த வார்த்தைக்கு அர்த்தம் இல்லை, மற்றதெல்லாம் போய் அது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மரகதத்துக்குப் புரியும்படி சொன்னேன். வண்டியில் ஹாரன் மாட்டிக்கொண்டால் டிரைவர் எதைத் தொட்டாலும் அதே சத்தம்தான் வரும், அதை வைத்து அவர் வழி கேட்கிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மரகதம் தலையாட்டினார். வலது கை விரல்களை நீட்டி மடக்கப் பயிற்சி கொடுக்கச் சொல்லித் தந்தேன். நன்றாகச் செய்கிறார், வலிக்காமல்.

ஜனவரி 11

மாத்திரை வாங்கினேன். இனி விடாமல் போட வேண்டும்.

திருமூர்த்தி அன்று கையைத் தூக்கினார். இதை எங்கேயாவது எழுதி வைக்கத்தான் வேண்டும்.

ஜனவரி 19

பொங்கலுக்குப் பிறகு இன்றுதான் போனேன். மரகதம் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் பேசினார். திருமூர்த்தியின் கேமராப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் மாத்திரை அட்டைகள் இருந்தனவாம். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"நான் அன்னைக்குக் காலைல ஒரு சொல்லுச் சொல்லிட்டேன். திரும்பி வராதீங்கன்னு. நீங்களும் கேட்டிருப்பீங்க" என்றார். கேட்கவில்லை என்றேன். "அவரு அதுக்குப் பதில் சொல்லிட்டாருங்ண்ணா. மாத்திரையப் போடல. சாயறப்ப ஒரு வார்த்தை உங்களக் கூப்புடல. கெடாயப் பாத்தாரு, எடுத்தாரு, போதும்னு விட்டுட்டாரு."

அப்படியெல்லாம் இல்லை, கேமராக்காரர்கள் மாத்திரையை ஏன் போடுவதில்லை தெரியுமா என்று ஆரம்பித்தேன். எனக்கே அது சமாதானம் சொல்வது போலத்தான் கேட்டது. மரகதம் பால் பொங்குகிறதா என்று பார்க்கத் திரும்பிவிட்டார்.

ஜனவரி 22

கோவர்த்தனனின் பழைய ஸ்டுடியோவுக்குப் போனேன். இப்போது அவர் மருமகன் அங்கே செல்போன் கடை வைத்திருக்கிறார். நடந்ததை மரகதத்திடம் சொல்லிவிடலாம் என்று கோவர்த்தனனிடம் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துக் கிட்டே போட்டார்.

"என்னன்னு சொல்லுவீங்க? அவரு கை தூக்கினாரு, நாங்க மிருகம்னு நெனச்சோம்னா? ஊசி நேரம் எப்படிப் போச்சுன்னு அந்தம்மா கணக்குப் போடாதா? சொல்லி அவரு எந்திரிச்சு நடக்கப் போறாரா?"

நடக்க மாட்டார் என்றேன்.

"அப்புறம் என்ன? எனக்கும் தூக்கம் இல்ல வாத்தியாரே. பூரான் பூரான்னு சொன்னது நான்." கடைக்கு வந்த ஒருவருக்குச் சார்ஜர் எடுத்துக் கொடுத்தார்.

ஜனவரி 27

நான் பட அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மரகதம் திருமூர்த்தியின் முகத்தைத் துடைத்துவிட்டு, துண்டை மடித்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் இருக்கிறேன் என்பதையே மறந்த மாதிரி அவரிடம் கேட்டார்.

"நான் சொன்னதுக்காகத்தான் வர வேண்டாம்னு நெனச்சீங்களா?"

"ஆமா" என்றார் திருமூர்த்தி.

ஹாரனைப் பற்றி நான் மறுபடி சொன்னேன். மரகதம் கேட்டுக்கொண்டார். "தெரியுங்ண்ணா. அர்த்தமில்லைன்னு தெரியும்" என்றார். பிறகு விரல் பயிற்சியை மட்டும் செய்தார். கை வேறு எங்கேயோ இருப்பவருடையது போல.

பிப்ரவரி 2

காலையில் போனேன். மரகதம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் செய்தித்தாளை எடுத்துவிடுவேன்.

"மரகதம், அவரு எங்களக் கூப்புட்டாரு" என்றேன்.

கரண்டி பாதியில் நின்றது. கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எப்படி?"

சொன்னேன். புல் சரிவில் திருமூர்த்தி முன்னால், ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் கீழே, கொஞ்சம் தள்ளி. அவர் கையைத் தூக்கினார். இடது கை. வலது கை கேமராவில் இருக்கும் என்று நினைத்தேன். நாங்கள் நின்றுவிட்டோம். அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று பார்த்தேன். அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களையா?"

"எங்களத்தான். எங்களுக்குப் பின்னால எதையோ பாக்கறாருன்னு நாங்க திரும்பினோம். பின்னால எதிர் மேட்டுப் பாறை விளிம்புல கெடா நின்னுது."

விளிம்பில் கிடா நிஜமாகவே நின்றதுதான் இன்னும் என்னால் தாங்க முடியாதது. அது அங்கே இல்லாதிருந்தால் நாங்கள் உடனே அவர் பக்கம் திரும்பியிருப்போம். அது நின்றது. நாங்கள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுத்தோம். கிடா மேய்ந்தது, நின்றது, மறுபடி மேய்ந்தது. மேகம் விலகட்டும் என்று காத்திருந்தோம். நடுவில் ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்தேன், கை இறங்கி மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. விதிப்படி, இன்னும் மிருகம் இருக்கிறது என்று அர்த்தம். கிடா போன பிறகுதான் அவர் பக்கம் திரும்பினோம், அவர் சரிந்து கிடந்தார்.

மரகதம் கேட்டார்: "வாயத் தொறக்கலையா? சத்தம் ஏதும் போடலையா?"

"போட்டாரு. ஒரு சத்தம் வந்துது."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"'ஷ்'னு சொன்னேன். திரும்பாமயே."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கட்டில் பக்கம் திரும்பி, திருமூர்த்தியின் தாடையில் வழிந்த கஞ்சியைப் புறங்கையால் துடைத்தார்.

"அப்ப வீட்டுக்கு வரோணும்னுதான் இருந்திருக்கீங்க" என்றார் அவரிடம்.

"ஆமா" என்றார் திருமூர்த்தி.

மரகதம் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது இன்றுதான். மருத்துவமனையில்கூட அவர் அழவில்லை. பிறகு எழுந்து, எதிர்ச்சுவரைக் காட்டி, "இந்தப் படம்?" என்றார்.

"நான் எடுத்தது. அப்பத்தான்."

மாத்திரையைப் பற்றியும் சொன்னேன், நானும் போடாமல் இருந்ததை. காரில் ஏறியதும் அவர் சிரித்ததையும், கூடத்தில் மாட்டுவேன் என்றதையும் சொன்னேன். மரகதம் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். நான் எடுக்கிறேன் என்றேன், வேண்டாம் என்றார். சட்டத்தைக் கழற்றி, புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்து, என் கையில் கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போங்க. இத்தன நாளா அவரு இதப் பாத்துட்டுப் படுத்திருந்தாருங்ண்ணா."

அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவர் முன்னாலேயே உட்கார்ந்து தினமும் செய்தித்தாள் வாசித்திருக்கிறேன்.

வாசல் வரை வந்தார். "இனி வராதீங்க. கெட்ட மனசுல சொல்லல. உங்களப் பாத்தா எனக்கு அந்த 'ஷ்'தான் கேக்கும். அவருக்கும் கேட்டிருக்கும், தெனமும்." கதவை மெதுவாகச் சாத்தினார்.

பிப்ரவரி 9

போகவில்லை. பட அட்டைகள் அங்கேயே இருக்கின்றன. மரகதம் அவற்றை வைத்துச் சொல்லிக்கொடுப்பது தெருவில் கேட்கிறது என்று அவர்களுடைய எதிர்வீட்டுக்காரர் சொன்னார். ஒவ்வொரு நாளும் மரகதம் மூன்று வார்த்தை சொல்கிறார், பதில் ஒரே வார்த்தைதான். சத்தம் போட்டு, சளைக்காமல்.

கோவர்த்தனன் போனை எடுப்பதில்லை. அந்தப் படத்தை அவர் என் பேரில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பியிருந்தாராம், தேர்வாகியிருப்பதாகக் கடிதம் எனக்கு வந்தது. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிப் போட்டேன். சட்டம் கட்டிய படம் பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து நிற்கிறது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. கிழிக்கவும் முடியவில்லை. எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

நண்பர்களோடு மலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பேட்டரியும் மூக்குப்பொடியும் எடுத்து வைத்த பிறகு, எல்லோரும் ஒரு நிமிஷம் எதிரெதிரே நின்று, "எனக்கு முடியவில்லை, கிட்டே வா" என்பதற்குத் தனியாக ஒரு சைகை முடிவு செய்யுங்கள். பேச்சு தேவைப்படாத சைகையாக இருக்கட்டும். ஆளுக்கு ஒரு முறை வலது கையால் செய்து பாருங்கள். பிறகு இடது கையால் மட்டும் செய்து பாருங்கள்.